டயர் கொடுத்து வாங்கிய நோட்டு

சென்னிமலை லாரியின் பின்கதவை இறக்கி, வாடகைக்கு எடுத்து வந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தெருவில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களில் பால்காரப் பெருமாயிதான் முதலில் அவனிடம் வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க குப்பாயக்கா தம்பிங்களா? நாமக்கல்ல லாரி வெச்சிருக்கறவரு?"

"ஆமாங்க."

"டயரு குடுத்தது நீங்கதானுங்களா?"

பெஞ்சு அவன் கையிலிருந்து நழுவிக் கால்விரலில் விழுந்தது. பெருமாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். உள்ளே போகும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகையில்லை என்பது சென்னிமலைக்குத் தெரிந்தது.

இறந்துபோன கந்தவேல், அவன் அக்கா குப்பாயியின் புருஷன். சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் சூரமங்கலத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். ராஜாவிடம் சாசனம் வாங்கிக் கடல் கடந்து போன வியாபாரக் கம்பெனிகள், தாங்கள் பிடித்த ஊர்களில் தாங்களே அச்சடித்துப் புழங்கவிட்ட பழைய நோட்டுகளைச் சேர்ப்பார். சர்க்கார் நோட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பம்பாய்க்கும் கொழும்புக்கும் எழுதிப் போட்டு, பண்டமாற்றாக வாங்குவார். அதிகமும் வட போர்னியோ கம்பெனியின் நோட்டுகள். மலைப்படம் போட்ட ஒரு டாலர் நோட்டை எண்ணெய்த்தாளுக்குள் வைத்திருந்தார். அதைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

"செல்லாத நோட்டுக்குச் சோப்பு வேற கேடா மச்சான்?" என்று சென்னிமலை முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறான்.

"ராஜா அடிச்ச நோட்ட எவனும் நம்புவான் மாப்ளே. யாவாரி அடிச்ச துண்டுச் சீட்ட நம்பி ஒரு ஊரே அரிசி அளந்துச்சே, அத நெனச்சுப் பாரு" என்பார் அவர்.

அந்தக் கம்பெனியின் இருபத்தைந்து சென்ட் நோட்டு மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. இந்த ஐப்பசியில் இருதயம் வீங்கிப் படுத்தபோது, "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னிமலைக்கு என்ன தோன்றியதோ, ராசிபுரம் பக்கம் வீரபாகு என்று ஒருவர் போர்னியோ ரப்பர் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லாரியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். வீரபாகு பெட்டியைக் கிளறி, போர்னியோ நோட்டு இதுதான் என்று ஒன்றை எடுத்தார். காசு வேண்டாம், மாட்டு வண்டிக்கு ஒரு டயர் வேண்டும் என்றார். சென்னிமலை ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நோட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நேராகச் சூரமங்கலம் வந்தான். நேற்று மத்தியானம் அது.

கந்தவேல் தலையணையில் சாய்ந்தபடி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு உதறத் தொடங்கியது.

"அக்கா! ஓடியா!" என்று சென்னிமலை கத்தினான்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இதுல என்ன படம் போட்டிருக்குது?"

"வாழ மரம்."

"மேல எழுதியிருக்கறது?"

"இங்கிலீசு."

"ஜப்பான் சர்க்கார்னு போட்டிருக்குது. சண்டையில போர்னியோவப் புடிச்சப்ப மூட்ட மூட்டையா அடிச்சுத் தள்ளுனது. அவன் தோத்ததும் இத வெச்சு அடுப்புப் பத்த வெச்சாங்களாம். எதக் குடுத்து வாங்குனே?"

சென்னிமலை சுவரைப் பார்த்தான். "ஸ்டெப்னி."

"புதுசா?"

"ரெண்டு மாசந்தான் ஓடுச்சு."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வழிந்தது. குப்பாயி நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள், அவளும் சிரித்தாள். சென்னிமலைக்குச் சுருக்கென்றிருந்தது. வைத்திருந்த காப்பியைக் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல், லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காலை ஐந்து மணிக்குக் கந்தவேல் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

பெருமாயிக்குப் பிறகு பார்சல் ஆபீஸ் தண்டாயுதபாணி வந்தார். சென்னிமலையின் இரண்டு கைகளையும் பிடித்து, "நல்ல மனுசனுங்க" என்று தழுதழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்டெப்னி இல்லாம வந்தீங்களே, வழியில பஞ்சர் கிஞ்சர் ஆவலீங்களா?" என்றார். டாக்டரும் கேட்டார். பாடைக்கு மூங்கில் வெட்ட வந்தவனும் கேட்டான்.

சென்னிமலை சமையற்கட்டுக்குள் நுழைந்தான்.

"அக்கா, ஊரு பூராச் சொல்லிப்போட்டாரா?"

குப்பாயி அழுது வீங்கிய முகத்தோடு நிமிர்ந்தாள். "நீ போனதுக்கப்புறம் பாக்க வந்தவங்க ஒருத்தரையும் உடல. மூச்சு வாங்குது, பேசாதீங்கன்னா கேட்டாத்தானே? ஒம்போது பேருகிட்டச் சொன்னாரு."

"என்னய ஏளனம் பண்ணிட்டே போயிட்டாரு."

"ஏளனமா? அட கிறுக்கா! சொல்லி முடிச்சுப்போட்டு, 'எவனுக்காச்சும் இப்பிடி மச்சினன் வாச்சிருக்கானா, சொல்லுங்க பாப்போம்'னு எல்லார்த்தையும் கேட்டாரு சாமி."

வந்தவர்களுக்குக் காப்பி போட யாரோ அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியது. சென்னிமலையே இறக்கி வைத்தான்.

"நோட்டு எங்கக்கா?"

"ஆல்பத்துல வெக்க மாட்டேன்னுட்டாரு. கம்பெனி நோட்டு இல்லையாமா. சட்டப் பையில வெச்சிருந்தாரு. குளிப்பாட்டறப்ப எடுத்துப் புதுச் சட்டப் பையிலயே போட்டுட்டேன். எடுத்துறட்டுமா?"

"இருக்கட்டும்."

மறுபடி தெருவுக்கு வந்தபோது புதிதாக நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். அவர் கேட்பதற்குள் சென்னிமலை எதிரில் உட்கார்ந்து, "மொதல்ல அந்த வீரபாகு பெட்டியத் தொறந்தானுங்க..." என்று ஆரம்பித்தான். பாடை எடுப்பதற்குள் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை டயர் இரண்டாகிவிட்டது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் யாரோ கிளுக்கென்று சிரிக்க, பெரியவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைக்கக் குமாரபாளையம் போனார்கள். காவிரியில் தண்ணீர் கரைக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கந்தவேலின் மகன் வெங்கடாசலம் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் உட்கார்ந்தான். பக்கத்தில் சென்னிமலை. நடு ஆற்றில் கலயத்தைக் கவிழ்த்தார்கள். சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாக மிதந்து போய்க் கலந்துவிட்டது.

"யாருங்க?" என்று பரிசல்காரர் கேட்டார்.

"எங்க மச்சானுங்க. நோட்டுச் சேக்கறவரு" என்று சென்னிமலை தொடங்கினான். கம்பெனிகளைச் சொன்னான், வீரபாகுவைச் சொன்னான், வாழை மரத்தைச் சொன்னான். பரிசல்காரர் துடுப்பைத் தொடைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். வெங்கடாசலம்கூடச் சிரித்துவிட்டான்.

"கண்ணாடிய வெச்சுப் பாத்தாருங்க. பாத்துப்போட்டு..."

சென்னிமலை நிறுத்தினான்.

"பாத்துப்போட்டு?" என்றார் பரிசல்காரர்.

அவன் சாம்பல் போன பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடுப்புப் போடாத பரிசல், போகிற தண்ணீரோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.