பின்சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்குப் பாலம் காணாமல் போனது.

எங்கேயும் போய்விடவில்லை. அவருக்கு அடியில்தான் இருந்தது. வழக்கமாகப் பாலத்தின் இரும்பு இணைப்புகள் சக்கரத்தில் பட்டு, முதலில் ஒரு தட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று என்று சைக்கிளின் இருக்கைக்கு ஏறி வரும். "பாலம்" என்பார். முன்னிருக்கையிலிருந்து மனைவி "ஆமா" என்பாள். அவருக்குப் பார்வை போன பிறகு வந்த பழக்கம். சைக்கிள் இரண்டு பேர் சேர்ந்து மிதிப்பது; அவள் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், எங்கிருந்தோ பிடித்து வந்து செப்பனிட்டுக் கொடுத்தார். முன்னால் அவள் ஓட்டுவாள், பின்னால் இவர் மிதிப்பார். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் உட்கார்ந்து "ஒரு நிமிஷம், லைன் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைப் பார்க்கக் கிளம்புவார். பார்க்க என்றுதான் சொல்வார். மெல்லிய டயர், கல் போலக் காற்று. ரொட்டிக் கடை வாசலில் சாக்கடை மூடி, மரக்கடை முன்னால் பெயர்ந்த தார், பள்ளிக்கூடச் சுவரோரம் பாவிய கல், எல்லாம் இடுப்பெலும்பு வழியாக வந்து பெயர் சொல்லும்.

இன்றைக்கு எதுவும் வரவில்லை. ரொட்டி வாசனை வந்தது, மூடி வரவில்லை. மெத்தை மேல் போவதுபோல சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. பாலம் இனிமேல்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், அதைத் தாண்டிய வளைவில் அவள் சாய்ந்தபோது சாயவில்லை. சைக்கிள் தள்ளாடியது. அவள் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"பாலம் இன்னும் வரலையா?"

"தாண்டியாச்சே."

அவர் இறங்கிக் குனிந்து பின்சக்கரத்தைத் தடவினார். டயர் பழையதைவிட இரண்டு பங்கு அகலம். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கியது.

"எப்ப மாத்தின?"

"வியாழக்கிழமை. அண்ணன்தான் ரெண்டு டயரையும் மாத்திக் குடுத்தாரு."

"எதுக்கு?"

"உங்களுக்கு இடுப்பு வலிக்குமேன்னு."

"எனக்கு வலிக்குதுன்னு யாரு சொன்னா?"

"வலிக்காதா பின்னே? வயசு என்ன இறங்குமுகமா?"

"பின்னால மனுஷன் உக்காந்திருக்கேன். மூட்டைன்னு நினைச்சியா?"

"மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு வரும்."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். வீடு வரைக்கும் மிதிக்க மட்டும் செய்தார். கண் போனதற்குக்கூட அவர் இப்படிச் சோர்ந்ததில்லை. அப்போது அவள் பரிதாபப்படவில்லை. கைத்தடியை எங்கே வைத்தீர்கள் என்று திட்டத்தான் திட்டினாள். இப்போது பரிதாபம் வந்துவிட்டது, அதுவும் டயர் வழியாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்கம் வருகிறது என்றார். அவளும் எழுப்பவில்லை. இருவரும் கட்டிலின் இரண்டு ஓரங்களில் விழித்துக்கொண்டு தூங்கினார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் தடியைத் தட்டிக்கொண்டு நேரே மைத்துனர் கடைக்குப் போனார்.

"மச்சான், பழைய டயரைப் போட்டுடுங்க."

"அவ மாத்துங்கறா, நீங்க மறுபடி மாத்துங்கறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பஞ்சாயத்தா, பஞ்சர் கடையா?"

"நான் சொல்றேன், போடுங்க."

"போடறேன். அப்புறம் அந்தக் கையை வெச்சுக்கிட்டு அவ எப்படி ஓட்டுவா? டாக்டர் சொன்னதை அவ எங்க கேக்கறா?"

"எந்தக் கை?"

ஸ்பானர் ஒன்று பெட்டிக்குள் விழுந்தது. மைத்துனர் கொஞ்ச நேரம் எதையோ தேடுவதுபோல் பெட்டியைக் கிளறினார்.

"சொல்லலையா? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாப்ளே, என்னைக் கொன்னுடுவா."

பிறகு சொன்னார். அவளுக்குச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிற வேலை, பெரிய கத்தரி. இரண்டு மணிக்கட்டிலும் வலி. கெட்டி டயர் கைப்பிடியை உலுக்குகிற உலுக்கலில் ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் போனதாம். அசைக்காமல் வை என்றிருக்கிறார் டாக்டர்.

அவர் அங்கிருந்த முக்காலியைத் தடவி உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே பாட்டில் மூடியெல்லாம் திறக்கச் சொல்லி அவரிடம் வந்துகொண்டிருந்தது. தன்னை உபயோகமான ஆளாக வைத்துக்கொள்ள அவள் செய்யும் தந்திரம் என்று நினைத்துப் பெருமையோடு திறந்து கொடுத்திருந்தார்.

"மச்சான், முன்சக்கரம் யாரோடது?"

"உங்க சைக்கிள்தான், வேற யாரோடது?"

"முன்சக்கரம் அவ கைக்கு. பின்சக்கரம் எனக்கு. முன்னால அகலமே இருக்கட்டும், காத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. பின்னால மட்டும் பழசு."

"ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பு மாதிரி இருக்கும் மாப்ளே."

"இருக்கட்டும். நானா பாக்கப்போறேன்?"

மைத்துனர் சிரித்துவிட்டார். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்து சொன்னபடி மாற்றிவிட்டும் போனார்.

சனிக்கிழமை மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கையைக் கொடு என்றார். கொடுத்தாள். மணிக்கட்டில் எலும்புக்குப் பக்கத்தில் வீங்கியிருந்தது, சூடாக. அவர் அழுத்தாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா இனிமே போக வேண்டாம்னு சொல்லிடுவீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அதான்."

மறுநாள் கிளம்பினார்கள். பின்சக்கரம் பழையபடி பேசியது. மூடி என்றார். தார் என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமா போட்டாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க, வழுக்கிக்கிட்டுப் போகுது" என்றாள் ஒருதரம், திருட்டுச் சந்தோஷத்தோடு. கைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் மூச்சைக் கவனித்தார். அது மாறவில்லை.

பாலம் வந்தது, இரண்டு தட்டாக. அதற்கப்புறம் எப்போதும் இடது பக்கம் வளைந்து வீடு. அவர் சாயத் தயாரானார். அவள் சாயவில்லை, நேரே போனாள்.

பொடிக்கல் நெறுநெறுத்தது. பிறகு நீளமாக, ஒரு தையல்கூட இல்லாத வழவழப்பு. பிறகு குறுக்குக் கோடுகள், நெருக்கமாக, சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினாற்போல. இவை எதற்கும் அவரிடம் பெயர் இல்லை. ஈரக் காற்று முகத்தில் பட்டது. சைக்கிளின் சட்டம் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது; ரோட்டினால் இல்லை, முன்னால் அவள் சத்தம் வராமல் சிரிக்கிறாள்.

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஏய், எங்கடி கூட்டிக்கிட்டுப் போற?"