வான்கோழிக்கு என்ன நிறம்

மெக்சிகோவின் சோனோரா மாநிலம் முழுவதிலும் நியாயத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதிதான் இருக்கிறான், அது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் மற்ற முப்பத்திரண்டு உறுப்பினர்களையும் பார்த்த பிறகு வேறு முடிவுக்கு வர வழியில்லை.

எங்கள் ஆட்டத்தில் இரும்புத் தகட்டில் வெட்டிய பிராணிகளை நின்றபடி சுட்டு வீழ்த்த வேண்டும். இருநூறு மீட்டரில் கோழி, முந்நூறில் பன்றி, முந்நூற்று எண்பத்தைந்தில் வான்கோழி, ஐந்நூறில் கடா. மற்ற மூன்றுக்கும் பின்னால் செம்மண். எந்த நிறமும் தெரியும். வான்கோழிக்குப் பின்னால் மட்டும் சுண்ணாம்பு மேடு. காலை எட்டு மணிக்கு அது நிழலில் கிடக்கும். வெள்ளை வான்கோழி பளிச்சென்று நிற்கும், கறுப்பு தொலைந்துபோகும். பதினொன்றுக்கு மேடே கண்ணைக் கூசவைக்கும். அப்போது கறுப்புதான் தெரியும், வெள்ளை கரைந்துவிடும்.

பாதிப் பேர் எட்டு மணிக்கு வான்கோழியில் தொடங்குவார்கள். மீதிப் பேர் பதினொன்றுக்கு அதில் முடிப்பார்கள். யார் எப்போது என்பதற்குச் சனிக்கிழமை மாலை இறைச்சி வாட்டும்போது தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்போம். மறுநாள் விடிந்ததும் தலைவர் அபெலார்தோ, மரியாதையாகச் சொன்னால் தோன் அபெலார்தோ, வந்து, நெற்றியில் கையை வைத்து மேட்டை உற்றுப் பார்த்து, நிறத்தை அறிவிப்பார். அவருக்கு எட்டு மணிச் சீட்டு விழுந்தால் வெள்ளை. பதினொரு மணிச் சீட்டு விழுந்தால் கறுப்பு. இருபது வருஷத்தில் அவருடைய கண்ணும் அவருடைய சீட்டும் ஒரு தடவைகூடக் கருத்து வேறுபட்டதில்லை.

மாநில அணிக்கு எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போகலாம். மார்ச் ஆட்டத்தில் ஜெயிப்பவர் ஒருவர், ஏப்ரலில் ஒருவர். மார்ச்சில் நெரெய்தா அக்கா போயிருக்க வேண்டும். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கால் உடைந்த வான்கோழிகளை ஒட்டவைப்பதே அவர்தான். ஒன்பது வருஷமாக அந்த இடத்துக்காகச் சுடுகிறார். அன்று மற்ற மூன்று பிராணிகளிலும் அவர்தான் முன்னால். பதினொன்றுக்கு வான்கோழி, வெள்ளை. குண்டு விழும் இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன்.

“எங்கடா இருக்கு?” என்றார் துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மேட்டுலதான்க்கா.”

“மேடு தெரியுது. வான்கோழி எங்க?”

பத்தில் இரண்டுதான் விழுந்தது. எட்டு மணிக்கே வான்கோழியைச் சுட்டு முடித்திருந்த தோன் அபெலார்தோவுக்குப் பத்தில் ஒன்பது. இடம் அவருக்குப் போனது. அடுத்து அக்கா, அவருக்கு ஒரு புள்ளி பின்னால் நான்.

அக்கா நேராக அவரிடம் போனார். “தோன், நான் ஒட்டுன வான்கோழி எனக்கே தெரியல. உங்க நேரத்துக்குத் தோதா பெயிண்ட் அடிக்கிறீங்க.”

“எல்லாருக்கும் ஒரே பெயிண்ட்தானேம்மா. எனக்குன்னு தனியா டப்பா திறந்தேனா?”

“பெயிண்ட் ஒண்ணுதான். வெயிலு ஒண்ணா?”

“அப்போ சூரியன்கிட்ட மனு குடு.”

சுற்றி நின்றவர்கள் வாய் நிறைய இறைச்சியோடு சிரித்தார்கள். போன வருஷம் இதே வெயிலில் இதே வெள்ளையால் தோற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில், முப்பது பேர் முன்னால், ஒரு பெண்ணின் ஒன்பது வருஷத்தை ஒரு டப்பா பெயிண்டால் மூடிவிட்டு அதற்கு விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்று பக்கத்தில் மனு எழுதினேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து தோன் அபெலார்தோவைப் போலவே நெற்றியில் கை வைத்து, ஒரு கண்ணால் மேட்டையும் மறு கண்ணால் சட்டைப்பையிலிருந்த சீட்டையும் பார்த்து நடித்துக் காட்டினேன். கூரை அதிரச் சிரித்தார்கள். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: முதலில் நிறம், பிறகு சீட்டு. எந்த மணிக்குச் சுடப்போகிறோம் என்று தெரியாதவன்தான் மேட்டை நேர்மையாகப் பார்ப்பான். யோசனை அக்காவுடையது, ஆவேசம் என்னுடையது. தீர்மானம் நிறைவேறியது.

“அப்போ நீயே அடி வாத்தியாரே,” என்று தோன் அபெலார்தோ பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும் கொட்டகையின் சாவியை மேசையில் போட்டார்.

ஏப்ரல் சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். நான்கு மணிக்குப் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர்கள் இருவருக்கு, இந்தச் சங்கத்தில் நியாயம் எப்படி நுழைந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பினால் தொப்பி சுற்றி வந்துகொண்டிருந்தது.

“பெயிண்ட் அடிச்சாச்சுல்ல?” என்றார் தோன் அபெலார்தோ.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். “ஆச்சு” என்றேன்.

“பாருங்கப்பா, படிச்ச புள்ளைக்கிட்ட ஒரு வேலையக் குடுத்தா எப்படி முடிக்குதுன்னு.” அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

எனக்கு எட்டு மணிச் சீட்டு விழுந்தது. அக்காவுக்குப் பதினொன்று. அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் நல்ல விலா எலும்பாகப் பொறுக்கிக்கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“என்ன கலர்னு கேக்க மாட்டேன்,” என்றார். “இந்தத் தடவ எது இருந்தாலும் சுட்டுருவேன். தோத்தாலும் நானே தோத்ததா இருக்கும்.”

“சாப்பிடுங்கக்கா,” என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே, துப்பாக்கியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். இப்போதும் ஒரு வழி இருந்தது. நாணயத்தைச் சுண்டி நிறத்தை முடிவு செய்யலாம். ஆனால் இவ்வளவு முக்கியமான விஷயத்தை அதிர்ஷ்டத்திடம் விடுவது பொறுப்பில்லாத காரியம் என்று பட்டது. சுடும் கோட்டில் நின்றேன். சாய்ந்த வெயில் மேட்டில் பட்டுக் கண்ணில் அடித்ததால் நெற்றியில் கையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேட்டை நீண்ட நேரம், எந்தச் சார்பும் இல்லாமல் உற்றுப் பார்த்தேன்.

பிறகு கொட்டகையைத் திறந்து, வெள்ளை டப்பாவைக் குலுக்கினேன்.