எல்மர் டாகெட் விழக் காத்திருந்த ஆள்

எல்மர் டாகெட்டுக்கு எண்பத்தொரு வயது. ஐம்பத்து மூன்று படம் எடுத்தவர். ஐம்பத்து நாலாவதை எடுக்க நியூஹால் மலையடிவாரத்துக்கு வந்து இறங்கினால், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. அதில் சிட் லஸ்டிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் டைரக்டர்தான். அறுபத்து மூன்று வயது. எல்மர் செத்தாலோ, முடியாமல் படுத்தாலோ, மீதிப் படத்தை எடுத்து முடிப்பது அவன் பொறுப்பு. அதுவரைக்கும் அவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. தினமும் வர வேண்டும், உட்கார வேண்டும், காலையிலும் சாயங்காலமும் கையெழுத்துப் போட வேண்டும்.

இது இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட நிபந்தனை. ஹாலிவுட்டில் கிழவனை நம்பிப் பணம் போடுகிறவன் எவனும் இப்படி ஒரு மாற்றாளை உட்கார வைக்காமல் போட மாட்டான். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? எல்மர் முதல் நாளே தன் நாற்காலியைத் தூக்கிக் கேமராவுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். சிட் இருக்கும் திசையிலிருந்து காபி வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"விஷம் எல்லாம் வெக்க மாட்டேன், பெரியவரே," என்றான் சிட். "எனக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது."

"வெக்கிறவன் சொல்லிட்டா வெப்பான்?"

குதிரை மேய்க்கும் ஆட்கள் சிட்டுக்குப் பிணந்தின்னிக் கழுகு என்று பேர் வைத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு மேஜையிலும் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டார்கள். அவன் தட்டோடு போய் ஓக் மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டான். ஆறு வாரம் இப்படியே போயிற்று.

எல்மரின் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நெப்ராஸ்காவில் மூணாங்கிளாஸோடு படிப்பை விட்டவர் அவர். பதினாறு வயதில் மாடு ஏற்றிய ரயிலில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். பேசாத படக் காலத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு குதிரையிலிருந்து விழுந்து காட்டினார், ஒருநாள் டைரக்டர் குடித்துவிட்டு வராமல் போனதால் டைரக்டர் ஆனார். மற்றவன் வராததால் தனக்கு வாழ்வு வந்தது என்பதை அவர் மறக்கவே இல்லை. அதனால் அறுபது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இது வெர்னா ஒருத்திக்கு மட்டும் தெரியும். வெர்னா முப்பத்தொரு வருஷமாக அவர் படங்களில் ஸ்கிரிப்ட் நோட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறவள். தினமும் விடிகாலையில் அன்றைய காட்சியை அவருக்கு வாசித்துக் காட்டுவாள். ஒருமுறை கேட்டால் போதும், அவருக்கு மனதில் நின்றுவிடும்.

ஸ்டுடியோக்காரர்களையும் அவர் நம்பியது கிடையாது. தனக்கு வேண்டியது படமானதும் தொப்பியைக் கழற்றி லென்ஸை மூடிவிடுவார். ஒரு அடி பிலிம் கூடுதலாக இருந்தாலும் அதை வைத்து வேறு படம் ஒட்டிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அப்படி ஒட்டியும் இருக்கிறார்கள்.

இந்தப் படத்தில் சண்டை முழுக்கக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான். புருஷன் செத்து, மாடுகளெல்லாம் வறட்சியில் போய், பண்ணையை விட்டுக் கிளம்புகிறாள் ஒரு கிழவி. கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அவ்வளவுதான். தயாரிப்பாளர் ராண்டாலுக்கு இது பிடிக்கவில்லை. அவள் நின்று, திரும்பிப் பார்த்து, கண்ணீர் விட வேண்டும் என்றான்.

"திரும்பி எதைப் பாப்பா? பின்னாடி என்ன இருக்கு? செத்த மாடும் வேலியுந்தான்," என்று எல்மர் சொல்லிவிட்டார்.

ராண்டால் அதற்கு மேல் வாதாடவில்லை. தனக்குப் பிடித்தபடி ஒரு பக்கம் எழுதிச் சிட்டிடம் கொடுத்து வைத்தான். எல்மரின் இன்சூரன்ஸ் ஆறாவது வாரச் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் எடுக்காமல் விட்டதையெல்லாம் சிட் எடுப்பான் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கடைசிக் காட்சியும் அந்தச் சனிக்கிழமைக்குத்தான் வைத்திருந்தது. வெயில் சரியாக மலைமேல் சாய்கிற நாளாக வேண்டும் என்று எல்மரே கேட்டு வாங்கிய நாள் அது.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் வெர்னா நோட்டு இல்லாமல் வந்தாள்.

"சிட் ஆஸ்பத்திரியில இருக்கான். கிட்னில கல்லு."

எல்மருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்குப் போட்டு வெச்ச கட்டில்ல அவன் படுத்துட்டானா? அறுபத்து மூணு வயசுப் பய."

"சிரிங்க, நல்லா சிரிங்க. மாற்றாள் கையெழுத்து இல்லாம இன்னிக்குக் கேமரா ஓடக் கூடாதுன்னு பிரெண்டிஸ் சொல்லிட்டாரு."

பிரெண்டிஸ் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள். நகரத்துக் கோட்டும் டையுமாக, அந்த வெயிலில், மடியில் படிவங்களோடு தினமும் உட்கார்ந்திருப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் படிவத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்கிற ரகம்.

எல்மர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். சிட் இன்று ஒருநாள் கட்டிலில் கிடந்தால் போதும், நாளை படம் அவனுடையது. கிழவி திரும்பிப் பார்த்து அழுவாள். அவன் வயிற்றில் நிஜமாகவே கல்தான் இருக்கிறதா என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

"வண்டிய எடு," என்றார்.

ஆஸ்பத்திரியில் சிட் வெளுத்துப்போய்க் கிடந்தான். எல்மரைப் பார்த்ததும் தலையணையைச் சரி செய்துகொண்டான்.

"வாங்க பெரியவரே. பூ கீ ஏதாவது கொண்டு வந்தீங்களா?"

"எழுந்திரு. வேலை இருக்கு."

"எனக்கா? ஆறு வாரத்துல இந்த வார்த்தைய இப்பத்தான் கேக்கறேன்."

"கல்லு வெளிய வந்துடுச்சா?"

"இல்ல. ஊசி போட்டிருக்காங்க, வலி தெரியல. இப்படியே படுத்துக் கெடந்தா நாளைக்குப் படம் என்னுது. தெரியுமில்ல?"

"தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தேன்?"

சிட் நாற்காலியில் தொங்கிய தன் கோட்டைக் காட்டினான். "அந்த ராண்டால் எழுதின பக்கம் அதுலதான் இருக்கு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி?"

"சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு."

"அப்ப எழுந்திரு."

"எட்டு வருஷமா எனக்குப் படம் இல்ல. சோப்பு விளம்பரமா இருந்தாலும் என் பேர் வரும்."

எல்மருக்குக் கெஞ்சத் தெரியாது. அவர் வளர்ந்த இடத்தில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றவர், கடைசியில் உள்ளதைச் சொன்னார். "உன் எடத்துல நான் இருந்தா எழுந்திருக்க மாட்டேன்."

வெர்னா அவர் காலில் ஒரு உதை விட்டாள். சிட் சிரித்தான். சிரித்ததில் எங்கேயோ வலித்து முகத்தைச் சுளித்தான். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு சொன்னான்.

"ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு உங்க மேஜையில எனக்கு ஒரு எடம் வேணும். மரத்தடியில எறும்பு ஜாஸ்தி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"நான் நம்பல."

"நம்பாதீங்க. எடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு," என்றார் எல்மர். "ஓரத்துல."

டாக்டர் சத்தம் போட்டார். சிட் தன் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்தான். ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியோடேயே அவனைக் கொண்டுவந்து ஓக் மர நிழலில் நிறுத்தினார்கள். பிரெண்டிஸ் கையெழுத்தைச் சரிபார்த்துத் தலையாட்டினார். கேமரா ஓட ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் அரை நாள் போய்விட்டது. அதை ஈடுகட்ட மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார் எல்மர். காலையில் குடித்த காபியைத் தவிர அவர் வயிற்றில் எதுவும் இல்லை. வெயிலோ கல்லைப் பிளந்தது. வெர்னா இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்தாள், இரண்டு தடவையும் அப்புறம் என்றார்.

ஐந்தரை மணிக்குச் சூரியன் மலைக்குப் பக்கத்தில் வந்தது. கிழவியாக நடித்த லெனோர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். எழுபத்து இரண்டு வயது, எல்மரோடு நாலு படம் செய்தவள்.

"நான் மனசுல என்ன நெனச்சுக்கணும், எல்மர்?"

"ஒண்ணும் நெனைக்காத. மாடு வெளிய போயிடக் கூடாது. அதுக்காகக் கேட்டைச் சாத்து. அப்புறம் போ."

"மாடுதான் எல்லாம் செத்துப் போச்சே."

"பழக்கம்," என்றார் எல்மர். நெப்ராஸ்காவை விட்டு வந்த அன்று அவரும் அப்படித்தான் கேட்டைச் சாத்தினார். அதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பிக் கேமராவிடம் வந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்மர் ஒற்றை முழங்காலில் இறங்கிவிட்டார். காதுக்குள் ரயில் ஓடியது. கண்ணுக்கு முன்னால் தன் பூட்ஸும் அதன் மேல் படிந்த புழுதியும் மட்டும் தெரிந்தன. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தார்.

யாரும் அசையவில்லை. தூரத்தில் உட்கார்ந்திருந்த பிரெண்டிஸ் படிவத்தோடு எழுந்தார். பிலிம் பெட்டிகள் மறைத்ததில் அவருக்கு எல்மரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அவருக்கு என்ன ஆச்சு? லஸ்டிக், டைரக்டருக்கு முடியலன்னா இந்த நிமிஷத்துலேருந்து நீங்கதான். சொல்லுங்க, அவருக்கு என்ன?"

எல்லோரும் சக்கர நாற்காலியைப் பார்த்தார்கள். எல்மர் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. திரும்பிப் பார்க்கத் தெம்பு இல்லை.

"லேஸ் கட்டறாரு," என்றான் சிட்.

"என்னது?"

"ஷூ லேஸ். அவுந்துபோச்சு. வயசானவரு, கட்ட நேரமாகும். நீங்க உக்காருங்க."

பிரெண்டிஸைத் தவிர அங்கே இருந்த நாற்பது பேருக்கும் எல்மரின் கால்கள் தெரியும். குதிரைக்காரர்கள் போடுகிற நீள பூட்ஸ். காலை உள்ளே விட்டு இழுத்தால் ஆயிற்று, கட்டுவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. அறுபது வருஷமாக அவர் வேறு எதையும் போட்டதில்லை. வெர்னா நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குதிரை மேய்ப்பவர்களில் மூத்தவன் வேலி மேல் சாய்ந்தபடி சொன்னான்:

"இழுத்துக் கட்டுங்க பாஸ். லூசா இருந்தா தடுக்கிடும்."

"ரெண்டு முடிச்சாப் போடுங்க," என்றான் இன்னொருத்தன்.

அந்தச் சாக்கில் வெர்னா குனிந்து தண்ணீர்க் குவளையை எல்மர் கையில் திணித்தாள். இந்தத் தடவை அவர் அப்புறம் என்று சொல்லவில்லை. முழுக்கக் குடித்தார். ரயில் சத்தம் மெல்லத் தேய்ந்தது. கேமரா நின்ற மூன்று கால் தாங்கியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிரெண்டிஸ் உட்கார்ந்து படிவத்தில் எதையோ எழுதினார்.

"வெயில் போகுது," என்று அதட்டினார் எல்மர். "எல்லாரும் என்ன வேடிக்கை? ஓட்டு."

லெனோர் கேட்டைச் சாத்தினாள். கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பிறகு நடந்தாள். மலைமேல் இருந்த வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து, தோளுக்கு வந்து, விலகியது. அவள் திரும்பவில்லை. எல்மர் மனதுக்குள் ஐந்து எண்ணினார். தொப்பியைக் கழற்றி லென்ஸை மூடினார்.

"கட்."

"இன்னொரு தரம் எடுத்து வெச்சுக்கலாமா?" என்று கேமராக்காரன் கேட்டான்.

"எதுக்கு? ராண்டாலுக்குக் குடுக்கவா?"

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பீன்ஸும், புகை போட்ட மாட்டிறைச்சியும், சோள ரொட்டியும் இருந்தன. ஓரத்தில்தான் இடம் என்று எல்மர் சொல்லியிருந்தார். ஆனால் வெர்னா சிட்டின் தட்டை எல்மருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். குதிரைக்காரர்கள் நகர்ந்து சக்கர நாற்காலிக்கு வழி விட்டார்கள். ஒருவன் சிட்டின் தட்டில் கேட்காமலேயே இறைச்சியை அள்ளி வைத்தான்.

எல்மர் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டுச் சொன்னார். "என் பூட்ஸுக்கு லேஸ் கெடையாது."

"எனக்குத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாதே."

"வாய மூடிட்டு இருந்திருந்தா படம் உன்னுது."

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

சிட் இறைச்சியை வெட்டிக்கொண்டே இருந்தான். "ஆறு வாரம் சும்மா உக்காந்து உங்க படத்தைப் பாத்திருக்கேன். முடிவு என்னன்னு எனக்குத் தெரியாதா? அத நான் எடுத்தா கெட்டுப்போகும், பெரியவரே." பிறகு கோட்டுப் பையிலிருந்து ராண்டாலின் பக்கத்தை எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினான். மேஜை ஆட்டம் நின்றது.

"பொய் நல்லாத்தான் சொல்ற," என்றார் எல்மர். அவர் ஒருத்தரைப் பாராட்டுவது என்றால் அவ்வளவுதான்.

சிட் ஒரு கோப்பை காபி ஊற்றி அவர் பக்கம் தள்ளினான். எல்மர் எடுத்தார். மேஜையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தார்கள்.

முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார். "பழக்கம்," என்றார். சிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.