துரை உட்கார்ந்த ரூம்

காரிலிருந்து இறங்கிய ஃபெர்கஸ் டன்பார் முதலில் பார்த்தது தன்னையேதான். விஸ்வநத்தத்தைத் தாண்டி, பட்டாசுக் கம்பெனி வாசலில், பனைமர உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் நின்றது. 'ஸ்காட்லாந்து வெடிமருந்து விஞ்ஞானி டாக்டர் ஃபெர்கஸ் டன்பார் அவர்களே வருக வருக.' அவர் முகத்தைவிட முதலாளி சிவபாண்டியின் முகம் ஒரு சுற்றுப் பெரியது. அந்த டாக்டர் பட்டத்தைக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, ஜெய்லானிதான். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. லேபிள் அச்சடிக்கிறவனுக்குச் சும்மா கிடக்கிற இடம் கண்ணை உறுத்தும்.

சிவகாசியில் ஜெய்லானி வைத்திருந்த அச்சகத்துக்குச் சிவபாண்டியின் தீபாவளி ஆர்டர்தான் வருஷச் சோறு. அடித்த லேபிள் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அவற்றை ஒட்டுவதற்குப் பட்டாசு இல்லை. பங்குனியில் மருந்து கலக்கும் ரூம் வெடித்ததில் மூக்கம்மாளும் கூட இருந்த இரண்டு பேரும் போனார்கள். மூக்கம்மாளைத் தூக்கும்போது பாடை கனக்கவில்லை என்று வைக்கோல் வைத்துக் கட்டினார்கள். ரூமைத் திரும்பக் கட்டி, கிடா வெட்டி, இருக்கன்குடி மாரியம்மன் குங்குமத்தை வாசல் நிலையில் அப்பியும் பார்த்தாகிவிட்டது. பெண்கள் உள்ளே போவதாக இல்லை. அந்தக் கம்பெனியில் பழைய முதலாளி காலத்து வழக்கம் ஒன்று இருந்தது. ஆள் போன ரூமைத் திறந்தால், முதலாளி வீட்டு ஆள் ஒருவர் மருந்துச் சட்டியோடு உச்சிப்பொழுது வரைக்கும் தனியாக உள்ளே உட்கார வேண்டும். சிவபாண்டியின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். சிவபாண்டிக்கோ, இந்தப் பேச்சு கிளம்பிய நாளிலிருந்து சுகரும் முதுகுவலியும் சென்னையில் அவசர மீட்டிங்கும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

"ஏன் பாய், வீட்டு ஆளுன்னா ரத்தபந்தம்தான் வேணுமா? பார்ட்னர் ஆகாதா?" என்று ஜெய்லானியிடம் கேட்டார்.

"நம்ம கம்பெனிக்கு யாரு அண்ணாச்சி பார்ட்னரு?"

"ஒரு வெள்ளக்காரனைப் பிடிங்க. எங்கனயாச்சும் சும்மா கெடப்பான்லா?"

ஃபெர்கஸ் கொடைக்கானலில் கிடந்தார். குளிர் ஸ்காட்லாந்து மாதிரியும் வாடகை தமிழ்நாடு மாதிரியும் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டவர். பழைய கம்பெனி ஒன்றின் விளம்பரப் படத்தில் அவரோடு பழகியிருந்த ஜெய்லானி, வருகிற வழியெல்லாம் அவர் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தான். கிளாஸ்கோவில் நாடகம். பிறகு துப்பறியும் தொடர் ஒன்றில் பிணம். பிணம் நன்றாகக் கிடந்ததால் அடுத்த தொடரில் உயிரோடு ஒரு வேஷம், டாக்டர். ஊரே கொண்டாடிய நேரத்தில் கூடுதல் சம்பளம் கேட்டார். தயாரிப்பாளர் கதையில் அந்த டாக்டரை மாடிப்படியிலிருந்து உருட்டிச் சாகடித்துவிட்டார். அதற்கப்புறம் தமிழ்ப் படங்களில் கலெக்டர் துரை. நல்லவர்களைத் தூக்கில் போடுவது, கடைசியில் குத்துப்பட்டுச் சாவது. இப்போது நகைக்கடைத் திறப்பு, கல்லூரி ஆண்டு விழா. எடின்பரோவில் மகள் இருக்கிறாள், பேசுவதில்லை. "இந்த வேஷத்தில் சாவு உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார். சும்மா உட்கார்ந்தால் போதும், சட்டியில் இருப்பது சாய மணல் என்று ஜெய்லானி சொன்னான்.

சட்டியில் இருந்தது மணல் அல்ல. காலி ரூமில் உட்கார்ந்தால் அது வீடு, மருந்தோடு உட்கார்ந்தால்தான் ரூம் என்று பெண்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

சிவபாண்டி சால்வை போர்த்தினார். ஃபெர்கஸ் செருப்பைக் கழற்றி, முகத்தை விஞ்ஞானி முகமாக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் தூரத்து வேம்படிக்கு நகர்ந்தார்கள். வேம்படிக்கும் அப்பால் நின்றார் சிவபாண்டி.

"மொதலாளியத்தான உக்காரச் சொன்னோம்?" என்றாள் ராமுத்தாய். மூக்கம்மாளின் கூடப்பிறந்தவள். அக்காள் இடத்துக்கு இவள் மகள் கற்பகவல்லியைக் கேட்டிருந்தார்கள்.

"போடி கூறுகெட்டவளே. மொதலாளியவிட இது ஒசத்தி," என்றாள் கூட வேலை பார்க்கும் இருளம்மாள். "தொர செத்தா டெல்லியில இருந்து கேள்வி வரும். நாம செத்தா விருதுநகர்ல இருந்துகூட வராது. ஆபத்துன்னா அம்புட்டு ஒசந்த உசுரைக் கொண்டாந்து உள்ள வைப்பாகளா?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆடி வெயில் ஏறியது. ஜெய்லானியின் வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது, துரைக்காகவா லேபிளுக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

உச்சியில் ஃபெர்கஸ் வெளியே வந்தார். கைதட்டினார்கள். அவர் தலைவணங்கவில்லை. கால் வைத்த இடத்திலிருந்து வேம்படிவரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாளெல்லாம், ஆட்கள் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்க்கிறார்கள் என்று அளந்தே பிழைத்தவர்.

"ஏன் எல்லோரும் அவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் தன் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளி நிறப் பொடியைப் பார்த்தார். மணல் இப்படி ஒட்டாது.

அதற்குள் ராமுத்தாய் முன்னால் வந்துவிட்டாள். "பாய், ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவுக மகளா இருந்தா இந்த ரூம்ல உக்கார வைப்பாகளா?"

ஜெய்லானி கேட்டான். அதை மட்டும் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தான்.

துரை, ராமுத்தாய்க்குப் பக்கத்தில் நின்ற கற்பகவல்லியைப் பார்த்தார். "என் மகளை இந்த வாசலுக்குள்ளேயே விடமாட்டேன். நான் நடிகன் என்று சொல். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல். இந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்." சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. எந்த டைரக்டரும் அவரிடம் வாங்க முடியாத கண்ணீர்.

ஜெய்லானி சிவபாண்டியைப் பார்த்தான். வேண்டாம் என்று சிவபாண்டி லேசாகத் தலையை ஆட்டினார்.

"தாராளமா உக்கார வைப்பேங்காக," என்றான் ஜெய்லானி.

"அதுக்கு ஏன் அளுதாக?"

"மகளை நெனச்சுக்கிட்டாக."

ராமுத்தாய் துரையைக் கும்பிட்டாள். பிறகு கற்பகவல்லியிடம் திரும்பி, "போ" என்றாள். கற்பகவல்லி வளையலைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள். இன்னும் இரண்டு பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளோடு நடந்தார்கள்.

"எங்கே போகிறார்கள்?" என்றார் ஃபெர்கஸ். "நீ என்ன சொன்னாய்?"

ஜெய்லானி பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். துரை அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஓடினார். அவருக்குத் தமிழ் தெரியாது, வசனம்தான் தெரியும். கேமராவுக்கு முன்னால் நெட்டுருப் போட்டதில் எது நாக்குக்கு வந்ததோ அதை அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"யாரங்கே! கைது செய்யுங்கள் இவர்களை! இது மகாராணியின் ஆணை!"

சிரிப்பில் வேம்படியே குலுங்கியது. "ஏளா, தொர தமிள்லாம் பேசுதாக!" என்று இருளம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பங்குனிக்குப் பிறகு ராமுத்தாய் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சிவபாண்டி கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். துரை மறுபடி மறுபடி அதையே கத்தினார், குரல் உடைகிற வரைக்கும். கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. வாசலில் கற்பகவல்லி திரும்பி, விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் வைத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு ஓய்ந்தது. உள்ளேயிருந்து, மெதுவாக, சல்லடை அசைகிற சத்தம் வந்தது.