முந்நூறு கிராம்

வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. முன்னறையில் இறந்த மனைவியைக் கிடத்தியிருக்க, தையல்காரர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்துக்கொண்டிருந்தார், பிளேடு முனையால், ஒவ்வொரு தையலாக.

"மாமா, இப்ப இது தேவையா?" என்றான் மைத்துனன்.

அவர் அடுத்த தையலை அறுத்தார். மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கலங்கியிருந்தாலாவது தேவலை. காலையிலிருந்து அவருக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கை மட்டும் வேலை கேட்டது.

அது குழந்தைகளை எடை போடும் பை. கால் நுழைக்க இரண்டு ஓட்டை. தராசில் மாட்டினால், உள்ளே இருக்கிற பிள்ளை ஊரைக் கூட்டிவிடும். அவர் மனைவி குழந்தைகள் மையத்தில் பதினெட்டு வருஷம் அந்த வேலைதான் பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன் பழைய பை கிழிந்துபோக, அறுந்து விழாத மாதிரி ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். கூடாரத் துணியில், அடிப்பக்கம் இரட்டையாக மடித்துத் தைத்தார். யானையே உட்காரலாம் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பையை மாற்றியவள், தராசு முள்ளைத் திரும்பப் பூஜ்யத்தில் வைக்க மறந்துபோனாள்.

நேற்று மதியம்தான் வெறும் பையை மாட்டிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

"நீங்க தைச்ச பை முந்நூறு கிராம் இருக்குங்க."

"நல்ல தையல்னா கனமாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. நாலு மாத எடையிலும் அதைக் கழித்துப் பார்த்ததில் மற்ற பிள்ளைகள் தப்பித்தார்கள், சலவைக்காரி மகள் மட்டும் வயசுக்கேற்ற எடைக் கோட்டுக்குக் கீழே போய்விட்டாள் என்றாள். ஒன்றரை வயதாகியும் பிடிக்காமல் நிற்கவில்லை. நாலு மாதமாக அந்தப் பிள்ளைக்குச் சத்துமாவும் டாக்டரும் கிடைத்திருக்க வேண்டும். இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று செருப்பைத் தேடினாள். இந்த வெயிலிலா, நாளைக்குப் போனால் என்ன குடியா முழுகிப்போகும் என்று தடுத்தது அவர்தான். விடிந்ததும் அடுப்படியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது அந்தச் சலவைக்காரி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், டீச்சர்" என்று கால்மாட்டில் நின்று அழுதாள். தையல்காரர் எழுந்து, மனைவியின் வேலைப் பையிலிருந்து தராசை எடுத்து நிலைக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினார். அடியிலிருந்த கூடுதல் மடிப்பை மட்டும் பிரித்தெடுத்த பையைத் தொங்கவிட்டு, தராசின் திருகைத் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"பாப்பாவைக் குடும்மா."

பைக்குள் உட்கார வைத்தும் குழந்தை அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை போலும். முள் ஆடி ஆடி, எட்டுக் கிலோவுக்கு ஒரு கோடு கீழே நின்றது. மனைவியின் நோட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்தைப் பிரித்து, அவள் வைத்திருந்த புள்ளிகளுக்குக் கீழே அவளுடைய பென்சிலாலேயே ஒன்று வைத்தார்.

"கொறஞ்சுட்டாளாண்ணே?"

"கொறையலம்மா. நாங்கதான் நாலு மாசமா கூட்டிப் போட்டுட்டோம்." எடையை ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். "டாக்டர்கிட்ட இதைக் காட்டு. இன்னைக்கே போ. நாளைக்குன்னு வைக்காதே."

தெருவில் வண்டி வந்து நின்றது. மைத்துனன் கூப்பிட்டான். சலவைக்காரி குழந்தையைத் தூக்கினாள். முள் மேலும் கீழும் ஆடி, சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மனைவியின் தலைமாட்டுக்குப் போனார்.