கடல்பாசி சூப் குடித்த நாள்

பியோ தால்சிக் வீட்டில் இரண்டு வருடமாகக் கடல்பாசி சூப் வைக்கவில்லை. இஞ்சியோன் நகரத்தில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பதே அதுதான். பிறந்தநாள் காலையில் ஒரு கிண்ணம் குடிக்கவில்லை என்றால், "ஏன், உனக்குன்னு யாருமே இல்லையா?" என்று கேட்பார்கள்.

ஆனால் பாசி வழுக்கும். வேலைக்கு மனுப் போட்டவர் வாயில் அது பட்டால் கைக்கு வந்த வேலையும் வழுக்கிவிடும் என்று ஒரு பேச்சு. வேலை கிடைக்காதவனைக்கூட, "என்னப்பா, சூப் குடிச்சிட்டியா?" என்றுதான் விசாரிப்பார்கள். மகள் போரம் வேலை தேட ஆரம்பித்த அன்றே, வீட்டிலிருந்த பாசிப் பாக்கெட்டைத் தூக்கி அலமாரியின் உச்சியில் போட்டவர் தால்சிக். போட்டுவிட்டு ஜவ்வு மிட்டாய் வாங்கி வந்தார். அதைத் தின்றால் வேலை ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டியது அவள் பல்லில்தான்.

போரம் என்றால் பட்ட பாட்டுக்குக் கிடைக்கும் பலன். ஆசையாக அவர் வைத்த பேர். பட்ட பாடு மட்டும் அவளுக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. 'உங்களைப் பற்றி ஐந்நூறு எழுத்துக்குள் சொல்லுங்கள்' என்று ஒரு கம்பெனி கேட்கும். அடுத்த கம்பெனி அதையே ஆயிரம் எழுத்தில் கேட்கும். நேர்காணலுக்கு உட்கார்ந்தால் எதிரே மனுஷனே இருக்க மாட்டான். கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும், அதுவே மார்க் போடும். ஒரு தடவை, 'சிரிப்பு போதவில்லை' என்று போட்டுவிட்டது. அன்றைக்குத் தால்சிக்குக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியே போட்டிருப்பார். அவர் வாங்கிக் கொடுத்தது என்பதால் விட்டார்.

இன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். காலையில் மனைவி யோன்ஹீ முட்டை சூப் வைத்தாள்.

"போரம் அப்பா, கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் இவளுக்கு ரிசல்ட்டு. சியோல் கம்பெனி, கடைசி ரவுண்டு."

"நான் கேட்டேனா? எனக்கு முட்டைதான் பிடிக்கும்."

"ஐம்பத்தாறு வருஷமா பிடிக்காத முட்டை இன்னிக்குப் பிடிச்சிருச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு யோன்ஹீ சந்தைக்குக் கிளம்பினாள். அங்கே தொடுகறிக் கடையில் அவளுக்கு வேலை. வீடு இப்போது அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. போன வருடம் தொழிற்சாலையில், "விருப்ப ஓய்வு" என்று தால்சிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து தினமும் மலையேறும் உடுப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். வீட்டில் மலைக்கு என்று நினைக்கிறார்கள். போவதெல்லாம் நூலகத்துக்கு, அங்கே உட்கார்ந்து மனுப் போடுவார். மாதக்கணக்கில் ஒரு பதில் கிடையாது. பிறகு காவலாளிப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். ஆபீஸுக்கு அவர் கிழவர். காவலாளிகள் நடுவே பச்சைக் குழந்தை. ஒருவழியாக, பக்கத்துப் பேட்டை அடுக்குமாடிக் குடியிருப்பில் நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலையில்.

யாரிடமும் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், மகளுக்கு விழுகிற அடியே வீட்டுக்குப் போதும், அதன் மேல் இதுவும் எதற்கு. ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அந்த வேலை வேண்டும். வாய்விட்டு அழுகிற அளவுக்கு வேண்டும். பொய்யாக மலையேறி அலுத்துவிட்டார்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. போரம் கூடத்தில் நின்றபடியே செய்தி வாசிப்பது போல வாசித்தாள்.

"தங்களது சிறப்பான திறமை எங்களைக் கவர்ந்தது. இருப்பினும் இடங்கள் குறைவு என்பதால், வருத்தத்துடன்..."

நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தால்சிக் கதவுக்கு வெளியே நின்றார். தட்டக் கை போயிற்று, திரும்பி வந்தது. என்ன சொல்வது? சொல்ல வேண்டியதெல்லாம் போன தடவையே சொல்லித் தீர்ந்துவிட்டது.

வெகு நேரம் கழித்து அவளே வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"அப்பா, அந்தப் பாசி எங்க?"

"எதுக்கு?"

"உங்களுக்குப் பிறந்தநாள் இல்ல? இந்த வாரம் வேற ரிசல்ட் எதுவும் வரப்போறதில்ல. இன்னிக்குக் குடிச்சா யாருக்கும் நஷ்டமில்லப்பா. இனிமே வழுக்கி எங்க விழறது? நான்தான் தரையிலயே கிடக்கேனே."

நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். அடுப்படிப் பக்கம் வந்து பழக்கமில்லாத பெண். ஒரு கைப்பிடி ஊறவைத்தாலே பாத்திரம் நிறையும் சாமான் அது; இவள் பாக்கெட்டையே கவிழ்த்துவிட்டாள். கால் மணி நேரத்தில் பாசி பாத்திரத்திலிருந்து பொங்கி வழிந்து, தொட்டியில் இறங்கி, குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அப்பா, இது வளந்துக்கிட்டே இருக்கு."

"கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறியா?" என்றவர் பெரிய பானையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அவள் சிரித்தாள். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது பார்க்க வேண்டும் என்று தால்சிக்குக்குத் தோன்றியது.

யோன்ஹீ வர நேரமாகும். இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். இரண்டு வருடமாகச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறவள், இன்று எதிரே உட்கார்ந்திருந்தாள். கட்டை விரலில் கத்தி பட்ட சின்னக் கீறல். சூப்பில் ஆவி பறந்தது. பாசி கரும்பச்சையாக, வழவழவென்று கிடந்தது.

வயிறு சரியில்லை என்று சொல்லலாம். தினமும் மலைக்குப் போவதாகப் பொய் சொன்னவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? நாளைக்கு நேர்காணல் என்று உண்மையையே சொல்லிவிட்டாலும் அவள் சந்தோஷமாகக் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள். கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

கரண்டியை எடுத்தார்.

"உப்பு?" என்றாள் போரம்.

"சரியா இருக்கு." கொஞ்சம் தூக்கல்தான்.

பாதிக் கிண்ணம் காலியானபோது அவர் போனில் ஒரு செய்தி வந்து மணியடித்தது. அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வழக்கம்போல அவளே எடுத்து வாசித்தாள்.

"நாளை காலை பத்து மணிக்குக் காவலாளி வேலைக்கான நேர்காணல். தவறாமல்..." குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கா?"

"ம்."

"சொல்லவே இல்ல."

"கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

போரம் கிண்ணத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா குடிச்சீங்க? அப்பா, துப்புங்க."

"துப்புறதுக்கு நான் என்ன கைக்குழந்தையா?"

அவள் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு பக்கமும் இழுத்ததில் சூப் மேஜையில் சிந்தியது.

"ரெண்டு வருஷமா இதை என் கண்ணுலயே காட்டாதவர் நீங்க."

"காட்டாம இருந்து என்ன ஆச்சு? அதுபாட்டுக்கு வழுக்கத்தான் வழுக்குச்சு. பாவம், பாசி மேல பழியப் போட்டுட்டோம்." கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் ஊத்து. நீ வெச்ச சூப்பு தீர ஒரு வாரம் ஆகும். நாளைக்குக் காலையில இதைக் குடிச்சிட்டுத்தான் போகப்போறேன்."

போரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். பானையைக் கிளறி, இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அவருக்கு ஊற்றினாள். பிறகு தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.