அஸ்மியாவின் மேல்வீடு

1

மனிதகுலத்தின் எதிர்காலம் தற்போது எங்கே இருக்கிறது என்பதை இத்தால் சகலருக்கும் அறியத்தருகிறேன். கிண்ணியாவில், என் நண்பர் ஸைனுலாப்தீன் வீட்டுக் கொங்கிறீட் கூரையில். தூண்களிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள்தான் அது.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'எதிர்காலம் என்றால் என்ன?' என்று ஒரு கருத்தரங்கு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். "காலம் என்பது ஒரு" என்று தொடங்கினேன். ஒரு என்ன? தெரியவில்லை. கிண்ணியாப் பாலத்தைக் கடந்து ஸைனுலாப்தீனிடம் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.)

2

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். ஸைனுலாப்தீனின் கீழ்வீடு மூத்த மகள் நபீஸாவுக்குப் போய்விட்டது. மேல்வீடு இளையவள் அஸ்மியாவுக்கு. இப்போதைக்கு அது கம்பி. ஆனால் அங்கே யாரும் அதைக் கம்பி என்பதில்லை. "மேல்வீட்டில நல்ல காத்து" என்பார் ஸைனுலாப்தீன். அவர் மனைவி றுக்கியா மேல்வீட்டில் சமைக்கப்போகும் குசினிக்குச் சுவர் நிறம்கூடத் தீர்மானித்துவிட்டார்.

நான் போன அன்று பெண் பார்க்க வந்திருந்தார்கள். (அஸ்மியா வெட்கப்படுவதாக இங்கே ஒரு பந்தி இருந்தது. அவள் வெட்கப்படவில்லை. வெட்டிவிட்டேன்.)

மாப்பிள்ளை பாஹிமின் தாய் அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஏறுற படி எங்கால?"

முன்னுக்கு மதில். பின்னுக்கு அயல்வீட்டுச் சுவர். உள்ளே நபீஸாவின் அறைகள். எல்லோரும் ஒருமுறை சுற்றிவந்தோம்.

"வீடு கட்டேக்கயே படி எங்க எண்டு மேசன் கேட்டவர்" என்றார் ஸைனுலாப்தீன். "நான்தான் பிறகு பார்ப்பம் எண்டு சொன்னனான்."

பன்னிரண்டு வருடமாக வாய்ப்பேச்சிலேயே மேல்வீட்டில் குடியிருந்த இவர்கள் எந்த வழியால் ஏறினார்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"வாப்பா, கலியாணம் முடிச்சிட்டு நாங்க பறந்தா போற?" என்றாள் அஸ்மியா.

பாஹிம் சிரித்தான். அவளைப் பார்த்தே சிரித்தான். அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. தாய் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சொல்றம்" என்று எழும்பினார்.

3

முடிவு அ: நபீஸா தன் முன்னறையை இடித்துப் படிக்கு இடம் கொடுக்கிறாள். (அவளிடமே கேட்டேன். "முதல்ல உங்கட வீட்டை இடிச்சு எழுதுங்க" என்றாள்.)

முடிவு ஆ: "வீடு வேணாம் உம்மா, பொண்ணு போதும்" என்கிறான் பாஹிம். (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆகவே பொய்.)

முடிவு இ: வாசகரே, இது உங்களுடையது. அந்த 'நாளை' எவ்வளவு நீளம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

. . . . . . . . . . .

மூதூரில் வேறொரு பெண்ணின் கட்டி முடித்த வீடு பாஹிமுக்குச் சரிவந்துவிட்டது.